முல்லையாறு பாயும் நாட்டில்

தேனியிலிருந்து வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம் வழியாகக் கம்பம் நோக்கிச் செல்வோரின் வலப்புறம் ஏலமலைத் தொடரும், இடப்புறம் மேகமலையும் நிமிர்ந்து நிற்கின்றன. இவ்விரு மலைகளுக்கும் இடையே விரிந்து கிடப்பதே கம்பம் பள்ளத்தாக்கு. நெல் வயலும் தென்னந்தோப்பும் திராட்சைப் பந்தலும் கண்ணுக்கு விருந்தளிக்கும் இந்நாட்டின் உயிர்நாடி முல்லையாறு.

இந்த வளம் தானாக வந்ததன்று. மேற்கே ஓடி அரபிக் கடலில் கலந்த பெரியாற்று நீரை, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியவர் பொறியாளர் ஜான் பென்னிகுவிக். 1887-இல் தொடங்கிய அணை வேலை 1895-இல் நிறைவெய்தியது. கட்டிய பகுதியைக் காட்டாற்று வெள்ளம் அடித்துச் சென்றதும் உண்டு. காட்டுக் காய்ச்சலுக்கு இரையான தொழிலாளர் பலர். இன்றும் சனவரி 15-ஆம் நாள் பென்னிகுவிக்கின் பிறந்த நாளில் உழவர்கள் பொங்கலிட்டு நன்றி செலுத்துகின்றனர். கூடலூரை அடுத்த லோயர் கேம்ப்பில் 2013-இல் அவருக்கு மணிமண்டபமும் எழுந்தது.

உத்தமபாளையத்தை அடுத்த இராயப்பன்பட்டி நம் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு அறிமுகமான ஊர். இப்பகுதியில் விளையும் பன்னீர் திராட்சையை 1832-இல் தமிழகத்திற்குக் கொணர்ந்தவர் பிரெஞ்சு நாட்டுக் குரு ஒருவர் என்பர். கம்பம் பன்னீர் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. யாரோ நட்டதன் கனியை நாம் உண்கிறோம். யாரோ திருப்பிய நீரை நாம் பருகுகிறோம். நாம் விட்டுச் செல்வது என்ன?

இக்கேள்வி நம்மைச் சுடத்தான் வேண்டும். ஊர்களின் சாக்கடை நீரும் குப்பையும் முல்லையாற்றில் கலக்கின்றன. இதே ஆறு வையையில் சேர்ந்து, கீழே உள்ள எத்தனையோ இல்லங்களின் குடிநீராகிறது. ஆண்டுக்கொரு நாள் மரக்கன்று நட்டு நிழற்படம் எடுத்துக்கொள்வதால் இந்த மாசு நீங்கிவிடாது.

இளைஞரால் என்ன இயலும்? பெல்ஜிய நாட்டுக் குரு ஜோசப் கார்டைன் 1925-இல் நிறுவிய இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கம் மூன்றே சொற்களில் வழி காட்டிற்று: பார், சீர்தூக்கு, செயல்படு. பங்கு இளைஞர் குழுவினர் ஒரு ஞாயிறு மாலை ஆற்றோரம் நடந்து, கழிவு எங்கெங்கே கலக்கிறது எனக் குறித்துக்கொள்ளட்டும். அது பார்த்தல். கழிவு அங்கு வருவது வடிகால் இன்மையாலா, நம் வீட்டுப் பழக்கத்தாலா என ஆராய்வது சீர்தூக்கல். அடுத்ததே செயல். சிற்றூர்களில் வாக்காளர் பட்டியலில் இடம்பெற்ற பதினெட்டு வயதினரும் கிராம சபையின் உறுப்பினரே. தமிழகத்தில் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22-இலும் கிராம சபை கூடுகிறது. தாம் தொகுத்த குறிப்புகளை அங்கே எடுத்துரைத்துத் தீர்மானம் கோர இளைஞருக்கு உரிமை உண்டு. தீர்மானம் நிறைவேறியபின் மாதந்தோறும் அதனைத் தொடர்வதே தலைமைப் பண்பு.

ஆர்வத்துக்கு அறிவும் துணை நிற்க வேண்டும். போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலையில் 2018 மார்ச் 11-இல் மூண்ட காட்டுத்தீ, இயற்கையை நாடி மலையேற வந்த 23 பேரைப் பலிகொண்டது. அவர்களில் இளைஞர் பலர். அவர்களை நினைந்து மன்றாடுவோம். கோடையில் காய்ந்த புல்வெளியின் இயல்பையும் வனத்துறையின் விதிகளையும் அறிந்து நடத்தல் அச்சமன்று. உயிருக்குக் காட்டும் மதிப்பு.

வையை பிறக்கும் மலைகளை உள்ளடக்கிய திருவில்லிப்புத்தூர் - மேகமலைப் புலிகள் காப்பகம் 2021-இல் அமைந்தது. காட்டைக் காக்க அரசு உண்டு. வீட்டு வாயிலிலிருந்து ஆற்றங்கரை வரை காக்க வேண்டியவர் நாமே. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட சுற்றுமடலில், பூமியை நம் பொது இல்லம் என்றார். இல்லத்தைப் பேணுவதில் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டன்றோ?

பெற்றோரே, உங்கள் மகனும் மகளும் ஊர்க் கூட்டத்தில் எழுந்து பேச விரும்பினால், "உனக்கேன் இந்த வம்பு?" என்று தடுத்துவிடாதீர்கள். உடன் சென்று அருகில் அமருங்கள். முல்லையாறு தெளிந்து ஓடும் நாள் அங்கிருந்தே தொடங்கும்.