துண்டின் பின்பக்கம்

மருந்துத் துண்டின் பின்பக்கத்தை நான் பதினொரு வருடம் வாசிக்கவில்லை. வாசித்திருந்தால் மிச்சக்காசில் ஒரு பழைய கார் வாங்கியிருக்கலாம்.

இங்கிலாந்தில் வைத்தியம் இலவசம் என்று கேள்விப்பட்டுத்தான் வந்தோம். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் வரிசையில் நின்று காசில்லாமல் குளிசை வாங்கி வளர்ந்தவனுக்கு அது புதினமாகவும் படவில்லை. வைத்தியரைப் பார்க்கக் காசில்லை, உண்மைதான். மருந்துக்கடையில் துண்டை நீட்டும்போதுதான் கணக்குத் தொடங்கும். 2024 மே முதல் ஒரு மருந்துக்கு 9.90 பவுண்ட். எனக்கு மாதம் மூன்று: பிரஷர் குளிசை, கொலஸ்ட்ரோல் குளிசை, முட்டுக்கு மண்ணிறப் பம்ப். வருடத்துக்கு 356 பவுண்ட் 40 பென்ஸ்.

என் மச்சான் ஒரு சதமும் கட்டுவதில்லை. அவருக்குச் சீனி வருத்தம், மெட்ஃபோமின் போடுகிறார். அதற்காகக் கிடைத்த அட்டை எல்லா மருந்துக்கும் செல்லும், கால்விரலுக்குப் பூசுகிற களிம்பு உட்பட. சாப்பாட்டால் மட்டும் சீனியைக் கட்டுப்படுத்துகிறவருக்கு அந்த அட்டை இல்லை. "வாயைக் கட்டினவனுக்குத் தண்டம்" என்று சொல்லிக்கொண்டே மச்சான் இன்னொரு வடை எடுப்பார்.

இந்த இலவச வைத்திய சேவை 1948இல் தொடங்கியபோது மருந்தும் முற்றிலும் இலவசம். 1951இல் பொய்ப்பல்லுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் காசு என்றபோது, அந்தச் சேவையை உருவாக்கிய அனூரின் பெவன் அமைச்சர் பதவியை விட்டு விலகினார். அடுத்த வருடமே துண்டுக்கு ஒரு ஷில்லிங் வந்தது. 1965இல் அதை எடுத்தார்கள். 1968இல் திரும்பக் கொண்டுவந்தபோது, எந்தெந்த வருத்தக்காரர் கட்டத் தேவையில்லை என்று ஒரு பட்டியல் போட்டார்கள். 2009இல் புற்றுநோய் சேர்ந்தது. மற்றபடி ஏறக்குறைய அதே பட்டியல்தான் இன்றும். முட்டு அதில் இல்லை. வேல்ஸில் 2007 முதல் எல்லோருக்கும் இலவசம், ஸ்கொட்லாந்தில் 2011 முதல். செவேர்ன் பாலத்துக்கு அந்தப் பக்கம் குடியிருந்தால் என் பம்புக்கு விலையே இல்லை.

ஈஸ்ட்ஹாம் மருந்துக்கடையில் நிற்கிற தங்கச்சிதான் ஒருநாள் கேட்டாள்: "அண்ணை, மாசாமாசம் இப்பிடிக் கட்டுறியளே, வருசத்துக்கு ஒரேயடியாக் கட்டலாமெண்டு தெரியாதோ?"

துண்டின் பின்பக்கத்தில் இருந்ததும் அதுதான். வருடத்துக்கு 114 பவுண்ட் 50. பத்துத் தவணையாகவும் கட்டலாம். பன்னிரண்டாவது மருந்திலிருந்து லாபம். எனக்கு அது நாலாம் மாதத்திலேயே வந்துவிடும்.

"ஏன் பிள்ளை முதலே சொல்லேல்லை?"

"நீங்கள் துண்டைத் தந்திட்டு ஃபோனையெல்லோ பாத்துக்கொண்டு நிப்பியள்."

இன்னொன்றும் சொன்னாள். பரசிட்டமோலைத் துண்டில் எழுதுவித்தால் அதற்கும் 9.90, பக்கத்து சூப்பர்மார்க்கெட்டில் பதினாறு குளிசை ஒரு பவுண்டுக்கும் குறைவு.

அன்றிலிருந்து எனக்குப் பிரசங்க வியாதி. போன மாதம் எனக்கு முன்னால் நின்ற பெடியன் இரண்டு பம்புக்குத் துண்டு கொடுத்துவிட்டு, விலையைக் கேட்டதும் மண்ணிறத்தைத் திருப்பித் தள்ளினான். நீலத்தை மட்டும் எடுத்தான். நீலம் முட்டு வந்தபிறகு இழுப்பது. வராமல் காப்பது மண்ணிறம். மூன்று மாதத்துக்கு 32 பவுண்ட் 5 பென்ஸ் கட்டலாம் என்று நான் தொடங்க, அவன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"சம்பளம் அடுத்த வெள்ளிதான் அண்ணை" என்றான்.