லாமிங்டன் ரோடு: நல்ல காது சொல்லும் வழி

மும்பை கிராண்ட் ரோடு ரயில் நிலையத்தின் கிழக்குப் பக்கம் இறங்கினால் சில நிமிட நடையில் லாமிங்டன் ரோடு. 1903 முதல் 1907 வரை பம்பாய் மாகாண கவர்னராக இருந்தவரின் பெயர். டாக்டர் தாதாசாகேப் பட்கம்கர் மார்க் என்று எப்போதோ மாற்றிவிட்டார்கள். டாக்சிக்காரர்களுக்கு இன்னும் லாமிங்டன்தான். டிரான்சிஸ்டரில் தொடங்கி கம்ப்யூட்டர் வரை விற்கும் இந்தத் தெருவில், விநாயகர் சதுர்த்தி நெருங்கும்போது வேறொரு கூட்டம் சேர்கிறது. செத்துப்போன ஆம்ப்ளிஃபயர்களைத் தோளில் சுமந்து வரும் கூட்டம்.

அந்தக் கூட்டத்தில் தாராவியிலிருந்து வந்த இளைஞர் ஒருவர். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். சொந்தமாகச் சிறிய சவுண்ட் சர்வீஸ். கையில் ஆம்ப்ளிஃபயரும் மிக்சரும் ஒன்றாய் அமைந்த மலிவு விலைக் கருவி. "நாளை மறுநாள் பந்தல், அண்ணாச்சி. முன்பணம் வாங்கியாச்சு" என்கிறார். சர்வீஸ் சென்டரில் முழு போர்டையும் மாற்றச் சொன்னார்களாம். புதிய கருவியின் விலையில் பாதிக்கு மேல் செலவு. சர்க்யூட் வரைபடம் கேட்டதற்குச் சிரித்தார்களாம்.

மாடிப்படிக்குக் கீழே ஓர் ஆள் மட்டுமே உட்காரக்கூடிய கடை. அறுபதைத் தாண்டிய மராட்டியர். எல்லோருக்கும் அவர் 'காகா', அதாவது சித்தப்பா. தமிழ்க் காதுக்கு முதலில் சிரிப்பு வரும். அவர் வேலையைப் பார்த்தால் அடங்கிவிடும்.

முதலில் கருவியை ஒரு 100 வாட் குண்டு பல்புடன் தொடராக இணைக்கிறார். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரியும், பொருள் பிழைக்கும். பல்பு மின்னி மங்கியது. மின்வழங்கல் பிழைத்திருக்கிறது என்று பொருள். ஆனால் ரிலே 'டக்' என்று விழவில்லை. இடப்பக்க ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டில் 40 வோல்ட் நேர்மின்சாரம். அது ஸ்பீக்கருக்குப் போனால் காயில் கருகும். அதனால்தான் ரிலே வழிவிட மறுக்கிறது.

வரைபடம் இல்லாமல் எங்கே தேடுவது? "வரைபடம் இதோ இருக்கிறதே" என்று வலப்பக்கத்தைக் காட்டுகிறார் காகா. ஸ்டீரியோ கருவியில் இரண்டு பக்கமும் ஒரே சர்க்யூட். ஒரு காது செவிடானால் மற்ற காதைக் கேட்க வேண்டியதுதான். மின்சாரத்தைத் துண்டித்து, கண்டென்சர்களை வடியவிட்டு, மீட்டர் முனையை வலது, இடது என மாற்றி மாற்றி வைக்கிறார். வலதில் 100 ஓம் காட்டும் ரெசிஸ்டர் இடதில் அறுந்திருக்கிறது. பக்கத்து டிரான்சிஸ்டரும் போயிருந்தது. அதன் மேல் இருப்பதோ எந்தப் புத்தகத்திலும் இல்லாத, கம்பெனியின் சொந்த எண். வலப்பக்கத்து ஜோடியைக் கழற்றி அளந்து, கால்களின் வரிசை பார்த்து, அதைவிடச் சற்றுக் கூடுதல் வோல்ட் தாங்கும் ஒன்றைத் தேர்கிறார். போலிகள் மலிந்த சந்தை. நம்பிக்கையான கடையில்தான் வாங்குவார்.

பலரும் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். காகா நிறுத்தவில்லை. ரெசிஸ்டர் ஏன் போனது? கண்டென்சர் ஆடாமலிருக்க ஊற்றிய பசை, சூட்டில் பழுத்துக் கரும்பழுப்பாகியிருந்தது. சிலவகைப் பசை வயதானால் மின்சாரம் கடத்தும், கம்பியையும் அரிக்கும். அதைச் சுரண்டி எடுக்கிறார் – நன்றாயிருந்த வலப்பக்கத்திலும்.

2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுதுபார்க்கும் உரிமை' பற்றி ஒரு குழு அமைத்தது. அதே டிசம்பரில் இணையதளமும் வந்தது. விவசாயக் கருவிகள், செல்பேசி, வீட்டுச் சாதனங்கள், வாகனங்கள் என நான்கு துறைகளைக் குறித்தார்கள். கல்யாண மேடையின் ஆம்ப்ளிஃபயருக்கு அதில் தனி இடமில்லை. காகாவின் நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. பிரித்த ஒவ்வொரு கருவியின் சர்க்யூட்டையும் பென்சிலில் வரைந்து, வோல்டேஜ்களை மராட்டியில் குறித்து வைத்திருக்கிறார். அவருடைய மகன் வங்கி வேலையில் இருக்கிறார். கடைக்கு வாரிசு இல்லை.

மீண்டும் பல்பு. வெளியீட்டில் 12 மில்லிவோல்ட். 'டக்'. பழைய ஸ்பீக்கரில் இரண்டு பக்கமும் ஒலித்தது. கூலி 900 ரூபாய்.

இளைஞர் பணத்தைக் கொடுத்துவிட்டுத் தயங்கி நின்றார். "காகா, அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கலாமா?" என்று இந்தியில் கேட்டார். காகா நோட்டை அவர் பக்கம் தள்ளினார். "போட்டோ வேண்டாம். உட்கார்ந்து வரை. அப்போதுதான் புரியும்."

பந்தலுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. இளைஞர் பென்சிலை வாங்கிக்கொண்டு படியில் உட்கார்ந்தார்.