பின்னால் வருபவர்க்கு ஒரு விளக்கு

வாகனங்களில் அமைந்த விளக்குகளுள் முகப்பு விளக்கு ஓட்டுபவருக்கு உரியது. அவருக்கு வழி காட்டுவது. பின்விளக்கை, ஓட்டிச் செல்பவர் கண்கொண்டு காண்பதே இல்லை. பின்னால் வரும் முன்பின் அறியாத ஒருவருக்காகவே அது எரிகிறது. முகப்பு விளக்கு அணைந்தால் அன்றைக்கே பணிமனையைத் தேடி ஓடுகின்ற நாம், பின்விளக்கு அணைந்து பல நாள் ஆனாலும் அறியாமல் இருப்பதற்குக் காரணம் இதுவே.

திருச்சுழி வட்டத்து எம்.ரெட்டியபட்டி எங்கள் ஊர். பருவமழையை நம்பிப் பருத்தியும் மல்லியும் கம்பும் விளைகின்ற மானாவாரிப் பூமி. ஊரைத் தாண்டினால் இருபுறமும் சீமைக் கருவேல் அடர்ந்த சாலை, தெருவிளக்கு கிடையாது. அந்த இருளிலேதான் கரி மூட்டை ஏற்றிய டிராக்டரும், கிடைக்குத் திரும்பும் ஆட்டு மந்தையும், சைக்கிளில் வேலை முடிந்து வருபவரும் சென்றாக வேண்டும். இத்தகைய சாலையில் திடீரெனப் பிரேக்கை மிதிக்க நேர்வது அன்றாட நிகழ்ச்சி. அப்போது பின்னால் வருபவருக்குச் செய்தி சொல்லும் ஒரே நா, காரின் பின்புறம் எரியும் சிவப்பு விளக்குத்தான்.

1983ஆம் ஆண்டு இறுதியில் மாருதி 800 வெளிவந்ததைத் தொடர்ந்து சிறிய கார்கள் நம் நாட்டில் பரவலாயின. மேல்நோக்கித் தூக்கித் திறக்கும் பின்கதவும் நமக்குப் பழக்கமாயிற்று. எங்கள் குடும்பம் பழைய விலைக்கு வாங்கிய காரும் அவ்வகையினதே. உர மூட்டை, விதை மூட்டை, மருத்துவமனைக்குச் செல்லும் பாட்டியின் படுக்கை விரிப்பு என எல்லாம் அக்கதவின் வழியாகவே ஏறி இறங்கின. எண் பலகை விளக்கு, கண்ணாடியின் மேலுள்ள மூன்றாவது பிரேக் விளக்கு ஆகியவற்றுக்கான ஒயர்கள் கூரையிலிருந்து மடிப்பு மடிப்பான ரப்பர் குழல் ஒன்றின் ஊடாகக் கதவுக்குள் செல்கின்றன.

ஓர் இரவு அருப்புக்கோட்டையிலிருந்து திரும்புகையில், ஆட்டு மந்தை குறுக்கிட, என் தமையனார் பிரேக்கை மிதித்தார். பின்னால் வந்த லாரி சக்கரங்கள் அலறச் சில முழ தூரத்தில் வந்து நின்றது. இறங்கி வந்த ஓட்டுநர், "அண்ணாச்சி, நீங்க பிரேக் பிடிச்சதே தெரியலையே! ஒரு லைட்டும் எரியலை" என்றார். பின் இருக்கையில் பாட்டியும் இரு குழந்தைகளும் உறங்கிக்கொண்டிருந்தனர்.

மறுநாள் ஒரு பணிமனையில் பியூஸ் போயிருந்தது கண்டு மாற்றினார்கள், விளக்குகள் எரிந்தன. நான்கு நாளில் மீண்டும் போயிற்று. மீண்டும் மாற்றினார்கள், மீண்டும் போயிற்று. மூன்றாம் முறை அங்கிருந்தவர், "பெரிய பியூஸாப் போட்டுவிடுவோம், இனிமே போகாது" என்றார். எங்கள் ஐயா அதற்கு இணங்கவில்லை. "காவல்காரன் கத்துகிறான் என்று அவன் வாயைக் கட்டுவதா? திருடனைத் தேடுங்கள்" என்றார். அவர் சொன்னது முற்றிலும் உண்மை. ஒயர் தாங்கும் அளவுக்கு மேல் மின்சாரம் பாய்ந்தால் முதலில் உருகித் தன்னை அழித்துக்கொள்ள வேண்டியது பியூஸ். அதன் வலிமையைக் கூட்டினால், உருகுவது பியூஸாக இராது, ஒயராக இருக்கும். காரே தீப்பற்றக் கூடும்.

வேறொரு எலக்ட்ரீசியனிடம் சென்றோம். அவர் பின்கதவைத் திறந்து வைத்துப் பார்த்தார். எல்லாம் ஒழுங்காக இருந்தது. பிறகு கதவைச் சாத்திவிட்டுப் பிரேக்கை மிதிக்கச் சொன்னார், பியூஸ் போயிற்று. "நோய் கதவைத் திறந்தால் ஒளிந்துகொள்கிறது, சாத்தினால் வெளிப்படுகிறது" என்று சிரித்தார். முதல் பணிமனையில் சோதித்ததெல்லாம் கதவைத் திறந்து வைத்தே என்பது அப்போதுதான் விளங்கிற்று.

பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டு ரப்பர் குழலை விலக்கினார். நாளுக்குப் பத்து முறை திறந்தால் ஆண்டுக்கு 3,650 முறை. அத்தனை முறையும் ஒயர்கள் ஒரே இடத்தில் மடங்கி நிமிர்ந்திருக்கின்றன. செப்புக் கம்பி மடங்க மடங்க இறுகி, முறியும் தன்மை பெறுகிறது. கரிசல் காட்டு வெயிலில் மேலுறையும் விறைத்து வெடித்திருந்தது. பிரேக் விளக்கின் ஒயரிலிருந்து வெளிப்பட்ட செப்பிழைகள், கதவு சாத்தும்போது தகட்டின் விளிம்பில் உரசின. மூன்று விளக்குகளுக்கும் பியூஸ் ஒன்றே; ஆதலால் ஓர் ஒயரின் குறை மூன்றையும் இருட்டில் தள்ளிற்று. பக்கத்து ஒயர் ஒன்று வெளியே முழுமையாகத் தோன்றினாலும், இழுத்துப் பார்த்தபோது உள்ளே இழைகள் அறுந்திருந்தன.

முறுக்கி டேப் சுற்றிவிடும் வழியை அவர் மேற்கொள்ளவில்லை. மடங்கும் இடத்தில் ஒட்டுப் போட்டால் அது மறுபடியும் முறியும் என்றார். ஒயர்களை ஒவ்வொன்றாக, நிறம் மாறாதபடி எடுத்துக்கொண்டார். விறைத்த பகுதியை வெட்டி நீக்கி, பல இழைகள் கொண்ட வளையும் ஒயரைச் சற்று நீளமாகவே இணைத்தார். ஓர் ஒட்டு கூரைக்குள்ளும் மற்றொன்று கதவுக்குள்ளும் அமைந்தன. ஈயம் வைத்துப் பற்றி, உறை மாட்டி, ரப்பர் குழலைப் பழையபடி பொருத்தினார். இன்னும் அறுந்திராத ஒயர்களையும் அவ்வாறே மாற்றினார். "இதுகளும் அதே வயசுதான் சார்" என்பது அவர் கூறிய காரணம். அதன்பின் பியூஸ் போகவில்லை.

இச்சிறு விளக்கின் பயனை உலகம் அளந்தும் பார்த்திருக்கிறது. 1974இல் ஜான் வோயவோட்ஸ்கி என்னும் அமெரிக்க உளவியலாளர், சான்பிரான்சிஸ்கோ வாடகைக் கார்களின் பின்புற நடுவில் கூடுதலாக ஓர் எச்சரிக்கை விளக்கைப் பொருத்திச் சோதித்தார். பின்னாலிருந்து மோதும் விபத்துகள் அவற்றில் சுமார் 60 விழுக்காடு குறைந்தன. 1986ஆம் ஆண்டு மாதிரிக் கார்களிலிருந்து அந்நாட்டில் மூன்றாவது பிரேக் விளக்கு கட்டாயமாயிற்று. எல்லாக் கார்களிலும் அது வந்தபின், 1998இல் வெளியான அரசு ஆய்வு கண்ட நீடித்த பயன் 4.3 விழுக்காடே. எண் சிறிதாயினும், பல கோடிக் கார்கள் ஓடும் நாட்டில் அது தடுக்கும் விபத்துகள் சில அல்ல. நம் நாட்டிலும் 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் பின்புறச் சிவப்பு விளக்கையும், எண் பலகைக்கு வெள்ளொளியையும் வற்புறுத்துகின்றன.

மாணவச் செல்வங்களே, நாளை நீங்களும் வாகனம் ஓட்டுவீர்கள். புறப்படுமுன் ஒருவரைப் பின்னால் நிறுத்தி, பின்கதவைச் சாத்திய பின்பு பிரேக்கை மிதித்துப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை, பொருட்செலவும் இல்லை. அதனால் காக்கப்படுபவர் யாரென்று உங்களுக்கு ஒருபோதும் தெரியப்போவதில்லை. நன்றி சொல்ல அவரும் வரமாட்டார். நம் சாலைகளில் பெரும்பாலான நன்மைகள் இப்படித்தான் நடைபெறுகின்றன.