பொன் அரிக்கும் பெட்டி

பேராதனையிலே புறப்பட்டு, நுவரெலியாவையும் பதுளையையும் தொட்டு வரும் பெருவீதி, மகாஓயாவையும் கரடியனாற்றையும் கடந்து செங்கலடியிலே வந்து முடிவடைகின்றது. மலைநாட்டுக் குளிரிலே தொடங்கிய பாதை, மட்டக்களப்பு - திருகோணமலை வீதியைச் சந்திக்கும்போது வயலும் வாவியும் கடற்காற்றுமாக மாறிவிடுகின்றது. இச்சந்தியிலே நின்று மேற்கு நோக்குபவர்க்குத் தேயிலை மலைகள் தெரிவதில்லை; ஆயினும், அவற்றுக்குச் செல்லும் வழி இதுதான்.

இப்பகுதியிலே பொன் விளையும் ஆறு இல்லை. பொன்வேலை செய்யும் பட்டறைகள் உண்டு. தட்டார் அரத்தால் அராவும்போது சிந்தும் பொடி கண்ணுக்கு எளிதிற் புலப்படாது. தரையைக் கூட்டிய குப்பை, உமிக்கரி, கை கழுவிய நீரின் வண்டல் ஆகியவற்றையெல்லாம் அவர்கள் வீசிவிடுவதில்லை. மாதக்கணக்காகச் சேர்த்து வைத்து அரித்தெடுப்பர். எமக்கு அறிமுகமான பொற்கொல்லர் ஒருவர், “ஐயா, நீங்கள் இந்தியாவுக்குப் போகிறீர்களாம். பொன் அரிக்கிற பெட்டியிலே எது நல்லது என்று அங்கே விசாரித்து வாருங்கள். இல்லாவிட்டால் பாதரசந்தான் வாங்க வேண்டும்” என்றார். அவருடைய பட்டறை வீட்டின் பின்விறாந்தையிலே உள்ளது. பிள்ளைகள் விளையாடுவதும் அவ்விடத்திலேதான். அவ்வார்த்தை எம்முடனேயே பயணஞ் செய்தது.

ஊட்டியிலிருந்து கூடலூர் வழியாக இறங்கினால், நீலகிரி மாவட்டத்தின் மேற்கெல்லையிலே தேவாலாவும் பந்தலூரும் காணப்படுகின்றன. இன்று தேயிலைப் பசுமை போர்த்திய இவ்வூர்கள் ஒரு காலத்திலே இலண்டன் மாநகரையே மயக்கின. 1879ஆம் ஆண்டிலே இந்திய அரசாங்கம் ஆஸ்திரேலியாவிலிருந்து பிரஃ ஸ்மித் என்ற சுரங்க அறிஞரை அழைத்தது. அவருடைய அறிக்கையைத் தொடர்ந்து, சில ஆண்டுகளுக்குள் இங்கிலாந்திலே 41 கம்பெனிகள் தோன்றின. அவை அறிவித்த மூலதனம் 50 இலட்சம் பவுணுக்கும் மேல்! மாதிரிக் கற்களிலே கண்ட பொன் சுரங்கங்களிலே கிடைக்கவில்லை. கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்தன; மலையைக் குடைந்த குகைகள் மாத்திரம் எஞ்சின.

அக்குகைகளிலே பிற்காலத்தில் திருட்டுத்தனமாக இறங்கிப் பொன் தேடியோருள் மண் சரிந்து மாண்டோரும் உண்டு. இதனைக் கேட்டபோது எம்மனம் பெரிதும் வருந்தியதற்கு வேறொரு காரணமும் இருந்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையை விட்டுச் சென்ற மலையகத் தமிழருட் பலர் இம்மலைகளிலேதான் குடியேற்றப்பட்டனர். தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டங்கள் அவர்களுக்கு வேலை கொடுத்தன. செங்கலடி வீதி எந்த மலைகளுக்கு ஏறுகின்றதோ, அத்தகைய மலைகளிலே பிறந்தோரின் மக்களும் பேரருமே இங்கு கொழுந்து கொய்கின்றனர். இலங்கையிலிருந்து வந்தோம் என்றதும் அவர்கள் முகத்திலே தோன்றிய மலர்ச்சியை மறத்தல் இயலாது.

தேவாலாவுக்குத் தெற்கே, நாடுகாணி மலைப்பாதை வழியே இறங்கினால் நிலம்பூர். அங்கே சாலியாற்று மணலிலே மரவை கொண்டு பொன் அரிக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. மணலை மரவையிலிட்டு நீரிலே சுழற்றச் சுழற்ற வெண்மணல் வழிந்தோடும், கருமணல் எஞ்சும், அதன் ஓரத்திலே ஊசிமுனை போன்ற மஞ்சட் பொட்டு இரண்டொன்று மின்னும். கூலியாகக் கணக்கிட்டால் சொற்பமே. எனினும், அக்கைகளின் பொறுமை ஒரு பாடமாகும்.

இதன் தத்துவம் எம்முடைய அடுக்களையிலேயே இருக்கின்றது. அரிசி களையும் அரிக்கன் சட்டியின் உட்புறத்திலே வரிவரியாகப் பள்ளங்கள் உள்ளனவல்லவா? நீருடன் அசைக்கும்போது அரிசி மேலே வழிந்து செல்ல, கல் அவ்வரிகளிலே தங்கிவிடுகின்றது. பொன் அரிக்கும் பெட்டி, நீட்டி நிமிர்த்திய அரிக்கன் சட்டியேயாகும். சாய்வான தொட்டி, அதன் அடியிலே குறுக்குச் சட்டங்கள், சட்டங்களின் கீழே சொரசொரப்பான விரிப்பு: இவ்வளவே. நீரைப் போல வெண்மணல் ஏறத்தாழ 2.65 மடங்கு பாரமானது. கருமணலில் உள்ள காந்தக்கல் 5 மடங்கு. தூய பொன்னோ 19.3 மடங்கு. கருங்கடற் கரையிலிருந்த கொல்கிசு நாட்டினர் ஆட்டுத்தோலை ஓடையிலே விரித்துப் பொன் பிடித்தனர் என்று பண்டைய கிரேக்க அறிஞர் ஸ்திராபோ எழுதியுள்ளார்.

அப்படியானால், நுண்பொன்னுக்கு எப்பெட்டி ஏற்றது? உயர்ந்த சட்டங்களும் ஆழமான நீரும் உடைய பெட்டி பார்வைக்குக் கம்பீரமானது, பருமணிகளுக்கு நன்று, பொடியையோ சுழித்து வெளியே தள்ளிவிடும். அகன்ற அடி, மெல்லிய நீரோட்டம், தாழ்ந்த வரிகள் ஆகிய மூன்றுமே வேண்டுவன. வரியிட்ட இறப்பர் விரிப்போ, கம்பளத்தின் மேல் வைத்த கண்ணறைத் தகடோ போதும். ஓரடி நீளத்துக்கு ஓரங்குலச் சாய்விலே தொடங்கலாம். வரிகளிலே மண் இறுகினால் சாய்வைச் சிறிது கூட்டுக. விரிப்பு வெறுமையாகத் தோன்றினால் குறைக்க. முதலிலே அரிதட்டால் சலித்தல் இன்றியமையாதது. பெருங்கல்லைத் தள்ளுதற்கு வேண்டிய நீர் சிறு பொன்னையும் தள்ளிவிடும். பட்டறைக் குப்பையாயின் முன்னரே எரித்து, இரும்புத்தூளைக் காந்தத்தால் நீக்குதல் வேண்டும். தட்டையான பொடி நீரின் மேலே மிதக்குமாயின், ஒரு துளி சவர்க்கார நீர் அதனை அமிழ்த்திவிடும்.

பாதரசம் இவ்வேலையைச் சுருக்கும் என்பது உண்மை. அது பொன்னைப் பற்றிக்கொள்ளும். பின்னர் சூடாக்கினால் ஆவியாகிவிடும். அவ்வாவியைச் சுவாசிப்பவர் யார்? அடுப்பருகே நிற்பவரும், பின்விறாந்தையிலே விளையாடும் பிள்ளையுந்தாம். கழுநீரோடு சென்றது வாவியை அடைந்து, மீனிலும் இறாலிலும் சேரும். யப்பானிலே மினமாட்டா என்னும் ஊரின் மீனவர் குடும்பங்கள், தொழிற்சாலைக் கழிவிலிருந்த பாதரச நஞ்சினால் உற்ற துன்பம் 1956ஆம் ஆண்டிலே வெளிப்பட்டது. அவ்வூரின் பெயராலேயே 2013ஆம் ஆண்டிலே உலக நாடுகள் பாதரசத்தைக் கட்டுப்படுத்த உடன்படிக்கை செய்தன.

நாம் ஊர் திரும்பி இவற்றைக் கூறியபோது, பொற்கொல்லர் நெடுநேரம் யோசித்தார். பின்பு, தச்சரைக் கொண்டு மூன்றடி நீளப் பலகைத் தொட்டியொன்று செய்வித்து, வரியிட்ட இறப்பர் விரிப்பை அதிலே பதித்தார். பாதரசம் வாங்கவில்லை.

இத்தகைய பெட்டி வாங்க எண்ணும் அன்பர்கள் விற்பவரின் சொல்லை மாத்திரம் நம்புதல் வேண்டா. எண்ணிய பத்துப் பொன்துணுக்குகளைத் தட்டி மெலிதாக்கி மணலோடு கலந்து ஓட்டிப் பாருங்கள். வெளியேறிய மணலையும் ஒரு தட்டிலே மறுபடி அரித்துப் பாருங்கள். பெட்டியின் தலைப்பகுதியிலேயே பத்தும் அகப்பட்டால் அது நற்பெட்டி. கடைசி வரியிலும் பொன் தென்பட்டால், அதற்கு அப்பாலும் சென்றிருக்கின்றது என்று அறிந்து, சாய்வையும் நீரையும் திருத்துங்கள். திருத்தியும் நில்லாவிடின் அப்பெட்டிக்குப் பணங் கொடுக்க வேண்டா.