கல்லில்லாத ஊரில் கிராவல் வண்டி

முதலில் ஒரு சொற்சிக்கலைத் தீர்த்துக்கொள்வோம். ‘கிராவல் பைக்’ என்று மேலை நாடுகளில் வழங்கும் மிதிவண்டியைத் தமிழில் எப்படி அழைப்பது? ‘சரளை வண்டி’ என்றார் எங்களுள் ஒருவர். ‘கப்பிச்சாலை மிதிவண்டி’ என்றார் மற்றொருவர். பொருளளவில் இரண்டும் சரியே. ஆயினும் நெரவியில் இருந்துகொண்டு இப்பெயர்களை உச்சரிக்கையில் சிரிப்பு வருகிறது. காவிரி கொண்டுவந்து சேர்த்த வண்டலின் கடைசி விளிம்பு எங்கள் ஊர். தோண்டத் தோண்டக் களியும் மணலும்தான். உள்ளூரில் பிறந்த கூழாங்கல் என்று ஒன்றை நாங்கள் கண்டதில்லை. சாலைக்கு இடும் ஜல்லியும் வெளியூரிலிருந்து லாரியேறித்தான் வருகிறது.

அப்படிப்பட்ட ஊருக்கு, சென்ற தை மாதத்தில் ஒரு கிராவல் வண்டி பெட்டிக்குள் பகுதி பகுதியாகக் கழற்றப்பட்டு வந்து இறங்கியது. கொண்டுவந்தவர் அத்தான். (எங்கள் நால்வருள் ஒருவருக்குத்தான் அவர் முறையான அத்தான், பழகிய பழக்கத்தில் நால்வருக்குமே அத்தானாகிவிட்டார்.) அவருடைய தந்தை பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக இருந்தவர். 1954 நவம்பர் 1இல் காரைக்காலின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான உரிமை மாற்றம் 1962 ஆகஸ்ட் 16இல்தான் நடந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்போர் எழுதிக் கொடுக்க அதிலிருந்து ஆறு மாதம் தவணை. அந்தத் தவணைக்குள் கையெழுத்திட்ட குடும்பங்களில் அத்தானுடையதும் ஒன்று. இப்போது ஓர்லெயான் நகருக்கு அருகில் வசிக்கிறார். ஓய்வு பெற்ற பின் அவருக்கு வாய்த்த பித்து இந்த வண்டி.

வண்டியைப் பூட்டி நிறுத்தியதும் நாங்கள் சூழ்ந்து நின்று பார்த்தோம். பந்தய வண்டிக்குரிய வளைந்த கைப்பிடி, தட்டு பிரேக், ட்யூப் இல்லாத டயர், அதனுள் முள் குத்தினால் தானே அடைத்துக்கொள்ளும் ஒரு பால். டயரின் அகலம் 40 மில்லிமீட்டர் என்று பெருமையாகச் சொன்னார். எங்களுள் ஒருவர் பேசாமல் கொல்லைக்குப் போய்த் தம் தந்தையாரின் கறுப்புச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். 28 அங்குலச் சக்கரம், ஒன்றரை அங்குல டயர். அதன் மில்லிமீட்டர் கணக்கும் அதே 40தான்! நெல் மூட்டையும் மீன் கூடையும் ஏற்றிக்கொண்டு வரப்பிலும் கரையிலும் போய்வந்த வண்டிக்கு எந்த அகலம் தேவைப்பட்டதோ, அதையே சுற்றி வளைத்து மேலை நாடும் கண்டடைந்திருக்கிறது. விலையை மட்டும் ஒப்பிட வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

அத்தான் ஓட்டும் பாதைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். லுவார் ஆற்றையும் அதன் வடகிழக்கே உள்ள லுவாங் ஆற்றையும் இணைக்க வெட்டப்பட்டது ஓர்லெயான் கால்வாய். ஏறத்தாழ 79 கிலோமீட்டர் நீளம், 1692இல் திறக்கப்பட்டது. ஓர்லெயான் பெருங்காட்டின் விறகும் மரமும் இதன் வழியாகத்தான் பாரீசுக்குப் போயின. படகுகளை ஆட்களும் குதிரைகளும் கரையில் நடந்து கயிறு கட்டி இழுத்தார்கள். அப்படி இழுப்போர் நடப்பதற்கென்றே கரையோரம் ஒரு பாதை வேண்டியிருந்தது. பின்னர் இரயில் வந்தது, சரக்கு குறைந்தது. 1954இல் அது கப்பல் வழி என்ற தகுதியையே இழந்தது. நெரவியை விட்டுப் பிரெஞ்சு நிர்வாகம் போன அதே ஆண்டு! (இதில் பொருள் தேடுவது வீண்வேலை, ஆனாலும் அத்தான் இதைச் சொல்லாமல் எந்தப் பேச்சையும் முடிப்பதில்லை.) இழுப்பவர்கள் போனபின் எஞ்சிய பாதையில் இன்று மிதிவண்டிகள் ஓடுகின்றன. ஒரு பக்கம் அசையாத நீர், மறுபக்கம் ஓக் மரக்காடு, நொறுக்கிய கல் பரப்பிய சமதளம். நாள் முழுவதும் மிதித்தாலும் ஒரு லாரியின் ஒலிப்பானைக் கேட்க வேண்டியதில்லையாம்.

“நம்மூர்லயும் ஆத்தங்கரை இருக்கே, இதை ஏன் அப்படிப் பண்ணக் கூடாது?” என்பது அத்தானின் கேள்வி. அதற்கு விடை காண, அரசலாற்றின் கரையைப் பிடித்து மேற்கு நோக்கிப் புறப்பட்டோம்.

முதல் இரண்டு மைல் சுகமாகவே போயிற்று. நாணல், பூவரசு, மூங்கில் குத்துகள், மடையோரம் நிற்கும் கொக்கு, கதிர் முற்றித் தலைசாய்ந்த சம்பா வயல். பிறகு கரை தன் சுபாவத்தைக் காட்டியது. ஓரிடத்தில் பாதை சுடுகாட்டுக்குள் நுழைந்து வெளிவந்தது. வேறோரிடத்தில் வைக்கோற்போர் குறுக்கே நின்றது. கட்டியிருந்த மாடு எழுந்து வழிவிடும்வரை காத்திருந்தோம். சீமைக் கருவேலம் இருபுறமும் கைகோத்துக்கொண்டு நின்ற இடத்தில் எங்கள் மூன்று வண்டிகளில் காற்று இறங்கியது. அத்தானின் டயர் பாலைக் கக்கித் தன்னைத்தானே அடைத்துக்கொண்டு, ஒன்றும் நடவாததுபோல் நின்றது. ஆனால் ஈரக்களி யாரையும் விடவில்லை. டயருக்கும் சட்டத்துக்கும் இடையில் அப்பி இறுகியதும் நாற்பது மில்லிமீட்டரும் நகராமல் போயிற்று. குச்சி ஒடித்து ஐவரும் சுரண்டினோம்.

மாவட்ட எல்லையருகே ஒரு காவலர் மறித்துப் பையைத் திறக்கச் சொன்னார். உள்ளே பஞ்சர் ஒட்டும் சாமானும் நான்கு வாழைப்பழமும் இருந்தன. 1954க்கு முன் சுங்கக் காவல் இருந்த எல்லை இது; இப்போது புதுச்சேரி மாநிலத்துச் சரக்குப் புட்டிகள் கரைவழியே தமிழ்நாட்டுக்குள் போய்விடாமல் பார்க்கும் எல்லை. கரையில் மிதிவண்டியை வெறுமனே மகிழ்ச்சிக்காக ஓட்டுகிறோம் என்பதை அவருக்கு விளக்குவது கடினமாகவே இருந்தது.

திரும்பும் வழியில் ஒரு மதகின்மேல் அமர்ந்திருந்த பெரியவரிடம் அத்தான் தம் யோசனையை எடுத்துரைத்தார். கல் பரப்பலாம், பெஞ்சு போடலாம், மரத்துக்கு மரம் பெயர்ப்பலகை வைக்கலாம். பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்று சொன்னார்:

“போடுங்க தம்பி, நல்லாத்தான் இருக்கும். ஐப்பசி கார்த்திகையில ராத்திரி உடைப்பு எடுத்துச்சுன்னா, அடைக்க மண்ணு எங்கேருந்து வெட்டுவோம்? பெஞ்சையா தூக்கிப் போடுறது?”

அதன்பின் நெடுநேரம் கரையைப் பற்றியே பேச்சு. எங்கள் கரை எவரும் இழுத்துக்கொண்டு நடப்பதற்காகப் போடப்பட்டதன்று, காவலிருப்பதற்காகப் போடப்பட்டது. வடகிழக்குப் பருவமழையின்போது அரிக்கேன் விளக்குடன் இரவெல்லாம் நடந்து, கசிவு கண்ட இடத்தில் மூங்கில் முளையடித்து, வைக்கோலும் மண்மூட்டையும் இட்டு அடைத்தவர்களின் பாதை அது. கோடையிலோ வேறு காவல். மேட்டூர் அணை மரபுப்படி ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடப்படும். திறந்த நீர் கல்லணையில் பிரிந்து, ஆறாகிக் கிளையாறாகி எங்கள் கடைமடைக்கு வந்துசேரப் பத்து நாளுக்கு மேலும் ஆகும். சில ஆண்டுகளில் வாராமலும் போகும். நடுவர் மன்றம் 2007இல் புதுச்சேரிக்கு, அதாவது காரைக்காலுக்கு, 7 டி.எம்.சி. என்றது, 2018இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. தீர்ப்பில் உள்ள ஏழு வாய்க்காலில் எத்தனையாக வருகிறது என்பதை அறிய, பெரியவர் நாள்தோறும் இந்த மதகுக்கு நடந்து வருகிறார்.

ஓர்லெயான் கால்வாயின் வேலை முடிந்துவிட்டது. ஆகவே அதன் கரை விளையாட்டுக்குக் கிடைத்தது. அரசலாற்றுக்கு அந்த ஓய்வு கிட்டிவிடக் கூடாதே என்பதுதான் எங்கள் கவலை. கருவேலம் அடைத்துக்கொண்ட கரை, ஆள் நடவாத கரை. ஆள் நடவாத கரையில் உடைப்பை முதலில் பார்ப்பவர் யார்? அத்தானின் பெஞ்சுக்கு நாங்கள் உடன்படவில்லை. ஆனால் கருவேலத்தை வெட்டி, வண்டி போகும் அளவுக்குக் கரையைத் திறந்து வைப்பதில் பெரியவருக்கும் அத்தானுக்கும் எங்களுக்கும் கருத்து வேறுபாடே இல்லை.

ஓய்வுபெற்ற பாதை என்று ஒன்று எங்களுக்கும் வாய்த்தது உண்டு. 1898இல் தொடங்கிய பேரளம் – காரைக்கால் இரயில் 1987இல் நின்றது. தண்டவாளமற்றுப் போன அந்த மேட்டில் ஆடு மேய்ந்தது, மிதிவண்டியும் போயிற்று. இப்போது அகலப்பாதை போட்டு அதையும் வேலைக்குத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். எங்களுக்கு வருத்தமில்லை.

அத்தான் பல் துலக்கும் தூரிகையால் இரண்டு நாள் தேய்த்துக் களியை நீக்கி, வண்டியைப் பெட்டியில் அடைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். அடுத்த தையில் திருமலைராஜனாற்றின் கரையைப் பிடித்து, அது குடமுருட்டியிலிருந்து பிரியும் தலைப்புவரை போவதாகத் திட்டம். வரும்போது அந்தப் பால் நான்கு புட்டி வாங்கிவரச் சொல்லியிருக்கிறோம். எல்லையில் காவலரிடம் அதை என்னவென்று சொல்வது என்பதை அவரே யோசித்துக்கொள்ளட்டும்.