ஊசி முனை ஈரம்

கூடத்துத் தரை முழுவதும் நீல நிற ரேப் துண்டுகள் ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றிலும் கறுப்புப் பேனையால் ஓர் எண். படுக்கையறை வாசலில் 7. கூடத்தின் நடுவில் 10. குசினியை நெருங்க நெருங்க எண் ஏறி, வாசலில் 17 என்று நின்றது. அந்த எண்களின் பின்னால் நடந்தாலே தண்ணீர் எந்த வழியால் வந்தது, எவ்வளவு தூரம் போனது என்று தெரிந்துவிடும்.

ஸ்காபரோவில் 1950களில் கட்டிய சிறிய வீடு அது. பெப்ரவரி மாதம். வீட்டுக்கார அம்மா மொன்றியலில் மகளோடு ஐந்து நாள் நின்றுவிட்டு வந்திருக்கிறார். அந்த ஐந்து நாளும், பிரிஜ்ஜின் ஐஸ் பெட்டிக்குத் தண்ணீர் கொண்டுபோகும் மெல்லிய குழாய் பின்பக்கத்தில் கசிந்துகொண்டிருந்திருக்கிறது. குசினித் தரையில் பதித்த ஓடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர் அவற்றைத் தாண்டி, கூடத்து ஓக் பலகைகளுக்கு அடியில் புகுந்துவிட்டது.

"மேலால வடிவாத் துடைச்சனான், தம்பி. அண்டைக்கே காஞ்சுபோச்சு. பிறகு ஏன் இது இப்பிடி நெளியுது?" என்று அம்மா கேட்டார்.

ஈரத்தைப் பார்த்துக் காயவைக்க வந்திருந்த அண்ணை முழங்காலில் இருந்து, உள்ளங்கையைப் பலகைகளுக்குக் குறுக்கே இழுத்துப் பார்த்தார். "தங்கச்சி, நீங்களும் தடவிப் பாருங்கோ" என்று என்னிடம் சொன்னார். ஒவ்வொரு பலகையின் இரு விளிம்பும் உயர்ந்து, நடுப்பகுதி குழிந்திருந்தது. பல்லுப்போல விரலில் தட்டியது. இந்தத் தொழிலில் இதைக் 'கப்பிங்' என்கிறார்கள். பலகையின் அடிப்பக்கம் ஈரத்தைக் குடித்து விரிகிறது. மேற்பக்கமோ பூச்சுக்குக் கீழே, ஹீற்றர் உலர்த்திய குளிர்காலக் காற்றில் காய்ந்து கிடக்கிறது. அடி விரிய மேல் விரியாவிட்டால் பலகை வளையத்தானே வேண்டும்.

ஊரில் மாரி தொடங்கினால் கதவு நிலையோடு இறுகி, தோளால் தள்ளித் திறந்தது நினைவுக்கு வந்தது. அண்ணையின் தகப்பனார் தச்சுவேலை செய்தவர். மழைக்காலத்தில் செய்யும் கதவுக்கு எவ்வளவு இடைவெளி விடவேண்டும், கோடையில் செய்வதற்கு எவ்வளவு என்று அவருக்குக் கண்ணளவிலேயே தெரியுமாம். "ஐயாவுக்கு மீற்றர் தேவைப்படேல்ல. எனக்குத் தேவை. ஏனெண்டால் நான் பாக்கவேண்டிய ஈரம் மரத்துக்குக் கீழ கிடக்குது" என்றார் அண்ணை.

மரம் நீளவாட்டில் ஏறக்குறைய மாறுவதில்லை. விரிவதும் சுருங்குவதும் குறுக்காகத்தான். அந்தக் கூடத்துப் பலகைகள் இரண்டேகால் அங்குல அகலம், முக்கால் அங்குலத் தடிப்பு. சிவப்பு ஓக் பலகை ஒன்றின் ஈரம் 7 சதவீதத்திலிருந்து 15க்கு ஏறினால் அது ஒன்றரை மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூடுதலாக விரியும். சின்ன அளவுதான். ஆனால் 40 பலகைகள் நாக்கும் காடியுமாக ஒன்றுக்குள் ஒன்று இறுகிக் கிடக்கும்போது அது 6 சென்ரிமீற்றரைத் தாண்டுகிறது. சுவர் விலகிக் கொடுக்காது. பலகைகள் ஒன்றையொன்று நசுக்கும். அதுவும் போதாவிட்டால் ஆணியைப் பிடுங்கிக்கொண்டு எழும்பும்.

அண்ணையிடம் இரண்டு மீற்றர்கள் இருந்தன. ஒன்றை மரத்தின் மேல் வைத்து நகர்த்தினால் போதும், எங்கே ஈரம் கூடுகிறது என்று காட்டும். அதை நம்பி அவர் முடிவெடுப்பதில்லை. முடிவுக்கு மற்றது: இரண்டு நீண்ட ஊசிகளைச் சுத்தியல்போல் தட்டி இறக்கும் கருவி. ஊசி முழுவதும் காப்புப் பூச்சு, முனை மட்டும் வெறும் உலோகம். முனைகளுக்கு இடையே மின்சாரத்துக்கு எவ்வளவு தடை என்று அது அளக்கும். ஈர மரத்தில் மின்சாரம் இலகுவாகப் போகும், காய்ந்ததில் போகாது. முனை எந்த ஆழத்தில் நிற்கிறதோ அந்த ஆழத்தின் ஈரம்தான் கிடைக்கும். மேற்பரப்பில் 9 காட்டிய அதே இடத்தில் ஊசி ஓக்கைத் தாண்டி அடிப்பலகையைத் தொட்டபோது 21. அம்மா துடைத்துக் காய்ந்தது அந்த 9 மட்டும்தான்.

வெப்பக் கமெராவும் கொண்டுவந்திருந்தார். ஈரம் உலரும் இடம் குளிர்ந்திருப்பதால் அது நீலமாகத் தெரியும். "இது சூட்டைத்தான் காட்டும், ஈரத்தைக் காட்டாது. எங்க குத்திப் பாக்கலாம் எண்டு சொல்லும், அவ்வளவுதான்."

படுக்கையறைக்குத் தண்ணீர் போகவில்லை. அதனால் அந்த 7தான் இந்த வீட்டின் அளவுகோல். ஊர்ப்பட்ட வீடுகளுக்கெல்லாம் ஒரே எண்ணைப் பொருத்தாமல், அந்தந்த வீட்டின் காய்ந்த மரத்தையே கேட்டு இலக்கு வைக்கும் இந்த முறை எனக்கு மிகவும் பிடித்தது.

குழாயிலிருந்து வந்தது சுத்தமான தண்ணீர். ஆனால் சுத்தமான தண்ணீரும் நாட்கணக்கில் தேங்கினால் தரம் கெடும். ஒன்றிரண்டு நாளிலேயே பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கலாம். குசினிச் சுவரின் அடிச்சட்டத்தைக் கழற்றியபோது பின்புறம் கறுத்திருந்தது. அதை அப்போதே பையில் கட்டி வெளியேற்றினார்கள். கழிவுநீராக இருந்தால் தரை முழுவதையுமே கிளப்பியிருப்பார்கள். அமுக்கிய மரத்தூளில் செய்த லமினேற் தரையாக இருந்தாலும் காப்பாற்ற முடியாது, அது ஊதினால் ஊதியதுதான். இது முழு ஓக். காய விட்டால் திரும்பி வரும்.

உதவிக்கு வந்த இளைஞன் ரப்பர் பாய்களைத் தரையில் விரித்து, ஓரங்களை ரேப்பால் அடைத்து, குழாய்களை உறிஞ்சும் இயந்திரத்தில் மாட்டினான். பலகை இடுக்குகளின் வழியே அடியிலிருந்த ஈரக் காற்றை அது இழுக்கும். பக்கத்தில் ஈரம் பிடிக்கும் இயந்திரங்கள் இரண்டு, பிடித்த தண்ணீரை உடுப்புத் தோய்க்கும் தொட்டிக்குள் விட்டபடி இரவு பகலாக இரைந்தன. சூட்டைக் கூட்டினால் கெதியாகக் காயாதா என்று கேட்டேன். கெதியாகக் காய்ந்தால் வெடிக்கும் என்றார்.

முதல் நான்கு நாள் எண்கள் நன்றாக இறங்கின. பிறகு நின்றுவிட்டன. அடிப்பலகை 16இலேயே இரண்டு நாள் நின்றது. அண்ணை பேஸ்மென்றுக்குப் போய், மூடப்படாத கூரையில் கைவிளக்கை அடித்து நெடுநேரம் பார்த்தார். அந்தக் காலத்து வீடுகளில் ஓக்குக்கும் அடிப்பலகைக்கும் நடுவே தார்க் கடதாசி விரிப்பார்கள். மேலே எவ்வளவு உறிஞ்சினாலும் அந்தக் கடதாசி கீழ்ப்பலகையின் ஈரத்தை மறித்துவிடுகிறது. அன்றே விசிறி இரண்டு கீழே இறங்கின. மறுநாள் 14.

பதினோராம் நாள் ஓக் 8, அடிப்பலகை 10. இரண்டுக்கும் இடைவெளி நாலுக்குள் வந்தால்தான் அண்ணைக்கு நிம்மதி. இயந்திரங்களை நிறுத்தியதும் வீட்டின் அமைதி காதில் அடைத்தது. விளிம்புகள் பெருமளவு தணிந்திருந்தன, ஆனால் முழுதாக இல்லை.

சித்திரை வருடப்பிறப்புக்கு மகள் குடும்பத்தோடு வருகிறார். அதற்குள் தரையை மெஷினால் தேய்த்து மினுக்கிவிடலாம் என்று ஒருவர் விலை சொல்லியிருந்தார். அண்ணை வேண்டாம் என்றார். ஏன் என்று எனக்குத் தெரியும். சில வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்தார்கள். வளைந்திருந்த பலகையின் உயர்ந்த விளிம்புகளைச் சீவி மட்டமாக்கினார்கள். மாதங்கள் போக அடியீரம் காய்ந்து பலகை நிமிர்ந்தபோது, சீவிய விளிம்புகள் தாழ்ந்து நடு மேடாகிவிட்டது. மாமியார் அதைத் தடவித் தடவி நடப்பார். சீவிய மரத்தை யாரும் திருப்பி ஒட்ட முடியாது.

"காயக் காய இன்னும் இறங்கும் அம்மா. நசுங்கின இடத்தில சின்ன வெடிப்புத் தெரியும், அதைப் பிறகு அடைக்கலாம். கார்ப்பெற் மட்டும் போட்டு மூடிப்போடாதேங்கோ. ஏப்ரல் முடிய நான் வந்து குத்திப் பாத்திட்டுச் சொல்லுறன்."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பேரப்பிள்ளையளுக்கு நெளிஞ்ச தரையெண்டால் என்ன, நேர்த் தரையெண்டால் என்ன" என்றார்.

அண்ணை ஓக்கின் நிறத்துக்குப் பொருந்தும் மெழுகுக் குச்சியால் ஊசித் துளைகளை ஒவ்வொன்றாக அடைத்தார். இளைஞன் நீல ரேப்புகளை உரித்துக்கொண்டே குசினி வாசலுக்கு வந்தான். 17 என்று எழுதியிருந்த துண்டில் கை வைத்தபோது அம்மா தடுத்தார்.

"அதை விடுங்கோ தம்பி. ஏப்ரலில திரும்பக் குத்தேக்க இடம் தெரியவேணும்."