என் பாடத்தில் இல்லாத கங்காணி

பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கும் தமிழ்க் குடும்பங்களுக்காக நான் எழுதி இலவசமாகக் கொடுத்த வரலாற்றுப் பாடங்களில் ஒரு பொய் இருக்கிறது. அது கைதவறி வந்த பிழையல்ல, தெரிந்தே செய்தது. அந்தப் பாடங்கள் கிள்ளானிலும் ஷா ஆலாமிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் இன்னமும் வீடு வீடாகக் கைமாறிக்கொண்டிருக்கின்றன. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நம் மலேசியாவில் 2003 முதல் ஆரம்பப் பள்ளி கட்டாயம். வீட்டில் கற்பிக்க வேண்டுமென்றால் கல்வி அமைச்சரிடம் விலக்குப் பெற வேண்டும். வீட்டில் படிக்கும் பிள்ளைகள் பலர் பிறகு ஐஜிசிஎஸ்இ என்ற வெளிநாட்டுத் தேர்வுக்குப் போகிறார்கள். அரசுப் பள்ளித் தேர்வான எஸ்பிஎம்மில் 2013 முதல் சரித்திரத்தில் தேறாமல் சான்றிதழ் இல்லை. வீட்டில் படிக்கும் இவர்களுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. அதனால் தன் பாட்டன் எப்படி இந்த மண்ணுக்கு வந்தான் என்று ஒரு வரிகூடப் படிக்காமலே பதினேழு வயதைத் தொட்டுவிட முடியும். அது என்னை உறுத்தியது. எழுதத் தொடங்கினேன். யாரும் அச்சடிக்கலாம், யாருக்கும் அனுப்பலாம் என்று முதல் பக்கத்திலேயே போட்டேன்.

1025இல் ராஜேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பு, பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் பெயர் தந்த செங்கல் சூளைகள், 1886இல் கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்க வந்த ரயில், 1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். இந்தப் பாடங்களை இன்றும் எந்தப் பிள்ளைக்கும் கொடுப்பேன். பொய் இருப்பது தோட்டத்துக்கு ஆள் சேர்த்ததைப் பற்றிய நான்காம் பாடத்திலும், அதன் தொடர்ச்சியாக 1941 வேலைநிறுத்தம் பற்றிய பாடத்திலும்.

நான்காம் பாடத்தில் சஞ்சிக்கூலி (ஒப்பந்தக் கூலி) முறை 1910இல் ஒழிந்ததை எழுதினேன். 1907இல் அமைத்த குடியேற்ற நிதி, தோட்ட முதலாளிகளிடம் வரி வாங்கிக் கூலிகளின் கப்பல் செலவைக் கட்டியதை எழுதினேன். நாகப்பட்டினம் முகாம், ஆவடி முகாம், பினாங்கில் இறங்கியதும் தனிமைப்படுத்தியது, எல்லாம் இருக்கிறது. கூலிகளைச் சேர்த்து வந்து வேலை வாங்கிய கங்காணிக்கு மட்டும் ஒரே வாக்கியம் கொடுத்தேன்: ‘கங்காணிகள் தங்கள் ஊருக்குப் போய் உறவினர்களையும் ஊராரையும் அழைத்து வந்தார்கள்.’

அந்த வாக்கியத்தில் பொய்யில்லை. அதற்குப் பின்னால் வர வேண்டியதை எழுதாமல் விட்டேன். கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. அவன் கூட்டத்தில் ஓர் ஆள் ஒரு நாள் வேலைக்கு இறங்கினால் வழக்கமாக 2 காசு. ஐம்பது பேர் இறங்கினால் நாளுக்கு 100 காசு, அதாவது ஒரு வெள்ளி. 1920களின் கடைசியில் ஓர் ஆணின் நாள்கூலி 50 காசு அளவில் இருந்தது. ஆக, வெறும் தலைக்காசிலேயே இரண்டு ஆளின் கூலி அவனுக்கு வந்தது. காய்ச்சலில் ஒருத்தன் படுத்தால் கங்காணிக்கும் நஷ்டம். விடியற்காலையில் கூலிகள் குடியிருந்த லயத்துக் கதவைத் தட்டுவதும், பிரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) வராதவனை வசைபாடி இழுத்து வருவதும், அடிப்பதும் இந்தக் கணக்கிலிருந்து வந்தவை. வெள்ளைக்காரன் போட்ட கணக்கு அது, சந்தேகமில்லை. ஆனால் அடித்த கை நம்முடையது.

கர்னியால் சிங் சந்துவின் ‘மலாயாவில் இந்தியர்’ என்ற ஆங்கில நூலைப் படித்துக் குறிப்பெடுத்துத்தான் அந்தப் பாடத்தை எழுதினேன். தலைக்காசு என் குறிப்பில் இருந்தது. தோட்டத்துக்கு வந்தவர்களில் கணிசமான பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள் என்பதும், கங்காணிகள் பலர் அவர்களுக்கு மேலே வைக்கப்பட்ட சாதிகளிலிருந்து வந்தவர்கள் என்பதும், பல தோட்டங்களில் லயங்கள்கூடச் சாதி பார்த்துப் பிரிக்கப்பட்டன என்பதும் எனக்குத் தெரியும். பாடத்தில் எதுவும் ஏறவில்லை.

காரணம் இதுதான்: என் கொள்ளுத்தாத்தா கங்காணி. கிள்ளான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது என்று எங்கள் வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். அவர் கல்யாணம் பேசி முடித்தது, கடன் கொடுத்தது, சாவுக்கு முன்னின்றது எல்லாம் எனக்குத் தெரியும். அவையும் உண்மைதான். ஆனால் ஏன் மறுபேச்சு இல்லாமல் போனது என்று நான் யாரையும் கேட்டதில்லை. என் பிள்ளைகளும் அந்தப் பாடத்தைத்தான் படித்தார்கள். அவர்கள் முன்னால் அவரைத் தலைகுனிய வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்ததைச் சொல்ல இன்னும் வெட்கமாக இருக்கிறது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தம் நம் வரலாற்றில் பெரிய சம்பவம். ஆர். எச். நாதன் தலைமையில் தொழிலாளர்கள் சீனருக்கு இணையான கூலி கேட்டார்கள், கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள், பிள்ளைகளுக்கு முறையான கல்வி கேட்டார்கள். மே மாதம் நாதனைக் கைது செய்தார்கள், ராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். நாதன் நாடுகடத்தப்பட்டார். அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று, சைக்கிளில் போகும்போது இறங்காமலே போகும் உரிமை. வெள்ளைக்கார மேலாளர்களுக்கு முன்னால் மட்டுமல்ல, தோட்டத்து ஆசிய ஊழியர்களுக்கு முன்னாலும். நம்மவர்மேல் பழி வராமலிருக்க, நான் என் பாடத்தில் ‘துரைக்கு முன்னால்’ என்று மட்டும் எழுதினேன். உயிரைக் கொடுத்துக் கேட்டவர்களின் கோரிக்கையில் பாதியை வெட்டினேன்.

நான்காம் பாடத்தைத் தன் மகனுக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு தாய் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சந்திப்பில் என்னிடம் வந்தார். அவருடைய அம்மா வழி காப்பார் பக்கத்துத் தோட்டம். “டீச்சர், எங்க பாட்டி கங்காணிகிட்ட வாங்குன அடிய சாகுற வரைக்கும் சொல்லிட்டு இருந்தாங்க. உங்க பாடத்துல வெள்ளைக்காரன் மட்டும்தான அடிக்கிறான்?” என்று கேட்டார்.

சின்னப் பிள்ளைகளுக்கு அதெல்லாம் எதற்கு என்று பதில் சொன்னேன். அதே பிள்ளைகளுக்குத்தான் சயாம் மரண ரயிலையும் எழுதியிருந்தேன். 1942–43இல் 415 கிலோமீட்டர் பாதை போட ஜப்பானியர் நம் தோட்டங்களிலிருந்து ஆட்களைக் கொண்டுபோனதை, காலராவிலும் பசியிலும் அவர்கள் ஆயிரமாயிரமாய்ச் செத்ததை, எதையும் மறைக்கவில்லை. ஜப்பானியன் செய்த கொடுமையைத் தாங்கும் வயது, கங்காணி செய்ததைத் தாங்காதா? பக்கத்திலிருந்த மற்ற பெற்றோர் எனக்காகப் பேசினார்கள். “இலவசமா இவ்வளவு செஞ்சிருக்காங்க, குறை சொல்லலாமா” என்றார்கள். அந்தத் தாய் பேச்சை நிறுத்திக்கொண்டார். நான் அதைத் தடுக்கவில்லை. ஏழைத் தோட்டத் தொழிலாளியின் பேத்தியை, நான் காசு வாங்கவில்லை என்ற ஒரே காரணத்தைச் சொல்லி வாயடைத்தார்கள். எனக்கு அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது. இதில் என்னை மன்னிக்க எனக்கு வழி தெரியவில்லை. அவரை மறுபடி தேடிப் போய்ப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன்.

நான்காம் பாடத்தை இப்போது புதிதாக எழுதிவிட்டேன். தலைக்காசுக் கணக்கு இருக்கிறது. சாதி இருக்கிறது. என் கொள்ளுத்தாத்தா கங்காணி என்பதும் இருக்கிறது. அந்தத் தாயின் சம்மதத்தோடு அவருடைய பாட்டி சொன்னதும், பெயர் போடாமல், இருக்கிறது. 1941 பாடத்தையும் திருத்திவிட்டேன்; அதில் சைக்கிள் கோரிக்கை முழுமையாக இருக்கிறது.

பழைய படி யார் யாரிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, திரும்பப் பெறவும் முடியாது. உங்களிடம் இருந்தால் அந்த இரண்டு பாடங்களையும் கிழித்துப் போடுங்கள். பிள்ளைக்கு ஏற்கெனவே சொல்லிக்கொடுத்திருந்தால், அது பாதிதான் என்று சொல்லிவிட்டுப் புதியதைப் படிக்கக் கொடுங்கள். மற்றப் பாடங்களில் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்னதற்கு மாறாக ஏதாவது இருந்தால், இலவசம்தானே என்று விட்டுவிடாமல் என்னிடம் சொல்லுங்கள்.